அருளானந்தர் ஏன் திரும்பி வந்தார்? மறைக்கல்வி வகுப்பில் எழுந்த ஒரு கேள்வி

கேள்வி: மறைக்கல்வி ஆசிரியை, பெரம்பூர்

அனைவருக்கும் வணக்கம், இயேசுவுக்கே புகழ். வடசென்னைப் பங்கு ஒன்றில் 11 ஆண்டுகளாக ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுத்து வருகிறேன். இப்போது என்னிடம் பயில்பவர்கள் உறுதிபூசுதலுக்கு ஆயத்தமாகும் பிள்ளைகள். ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் படிக்கிறார்கள்.

சென்ற ஞாயிறு திருப்பலிக்குப் பின், ஆசியாவில் மறைக்காக உயிர்நீத்த மறைப்பணியாளர்களைப் பற்றிய பாடத்தை எடுத்தேன். நம் மண்ணில் இருந்தே தொடங்கலாம் என்று இங்கே பணியாற்றிய போர்ச்சுகல் நாட்டு இயேசு சபைக் குரு புனித அருளானந்தரின் (ஜான் டி பிரிட்டோ) வாழ்வைக் கரும்பலகையில் ஆண்டுவாரியாக எழுதிக்கொண்டு வந்தேன். 1647இல் லிஸ்பன் நகரில் பிறப்பு, 1673இல் கோவா வருகை, 1686இல் மறவர் நாட்டில் (இராமநாதபுரம் பகுதி) கைது, அந்நாட்டு அரசர் சேதுபதியின் ஆணையால் விடுதலை, ஐரோப்பாவுக்குப் பயணம், மீண்டும் வருகை, 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டு மரணம். 'மீண்டும் வருகை' என்று நான் எழுதிய இடத்தில், எப்போதும் கடைசி பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள். "டீச்சர், மறுபடி இந்த நாட்டுக்குள் வந்து போதித்தால் உயிர் போகும் என்று சொல்லித்தானே அவரை விட்டார்கள்? தெரிந்தே திரும்பி வந்தால் அது சாவைத் தேடிப் போனதாக ஆகாதா? உயிர் கடவுள் கொடுத்தது, அதை நாமே விடக் கூடாது என்று போன மாதம் நீங்கள்தானே சொன்னீர்கள்?" என்று கேட்டாள்.

அவளுக்குப் பதில் சொல்ல நான் வாய் திறப்பதற்குள் ஒரு மாணவன், "மறையில் சேர்ந்த குறுநிலத் தலைவர் தடியத்தேவர் தம் மனைவியரைத் தள்ளிவைத்ததால் அரச குடும்பத்துக்கு வந்த கோபம்தானே காரணம், அது எப்படி மறைக்காக இறந்ததாகும்?" என்று கேட்டான். இரண்டுமே நேர்மையான கேள்விகள் என்பதால், வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளிக்க மனம் ஒப்பவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடன் இருப்பேன். ஆசியாவின் பிற நாட்டு மறைசாட்சிகளுள் இந்தப் பிள்ளைகளுக்கு யாரைச் சொல்லலாம் என்றும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1: செம்மண், தாம்பரம்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். திருவாடானைப் பக்கம் பிறந்து, 30 ஆண்டுகளுக்கு மேலாகச் சென்னையில் வாழ்பவன் நான். ஓரியூர் எங்களுக்கு வீட்டு முற்றம் போன்றது. என் அப்பத்தா, மாதா படத்துக்குக் கீழே ஒரு பித்தளைச் செப்பில் ஓரியூர்ச் செம்மண்ணை வைத்திருந்தார். வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் அந்த மண்ணைத் தொட்டு நெற்றியில் சிலுவை வரைவார், அதன் பிறகுதான் டாக்டரிடம் அழைத்துப் போவார்கள். மறைசாட்சியின் இரத்தம் பட்டுச் சிவந்த மண் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அந்தச் செப்பு இன்று என் வீட்டில் இருக்கிறது.

அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். பாடநூலில் ஒரே வரியாக இருக்கும் அந்த 'மீண்டும் வருகை'யைப் பிரித்துப் பார்த்தால் பதில் அதற்குள்ளேயே கிடைக்கிறது. 1686இல் அவர் தனியாகப் பிடிபடவில்லை. அவரோடு, குருவுக்குத் துணையாக மறை கற்பிக்கும் உபதேசியார்களும் பிடிபட்டார்கள், அவரைப் போலவே அடிபட்டார்கள், வதைபட்டார்கள். விடுதலைக்குப் பின் சபையின் பணி நிமித்தமாக அவர் போர்ச்சுகல் செல்ல வேண்டியிருந்தது. அங்கே அரியணையில் இருந்தவர் இரண்டாம் பேதுரு. அருளானந்தர் சிறுவயதில் அரண்மனையில் பணிவிடைச் சிறுவனாக இருந்தபோது அவரோடு சேர்ந்து வளர்ந்த அதே இளவரசர்தான் இப்போது அரசர். நாட்டிலேயே தங்கிவிடும்படி அரசர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நண்பர் அரசராக இருக்கும் ஊரில், தாயும் உயிரோடிருந்த வேளையில், மதிப்பும் பாதுகாப்பும் நிறைந்த வாழ்வு அவருக்குக் காத்திருந்தது. இருந்தும் 1690இல் கோவாவில் வந்து இறங்கினார். அடுத்த ஆண்டு, இயேசு சபையினர் தமிழகத்தில் நடத்திய மதுரை மிஷனில் இருந்தார்.

யாரிடம் திரும்பினார் என்று பாருங்கள். தம்மோடு அடிவாங்கிய உபதேசியார்களிடம். தாம் ஞானஸ்நானம் கொடுத்த, குரு இல்லாமல் பாவசங்கீர்த்தனத்துக்கும் நற்கருணைக்கும் ஏங்கிக் கிடந்த மக்களிடம். அந்த மக்களால் கப்பலேறிப் போக முடியாது. அவர்கள் அதே மறவர் நாட்டில், அதே ஆணையின் கீழ் வாழ்ந்து கொண்டிருந்தார்கள். காலரா பரவும் ஊரில் பிள்ளைகளை விட்டுவிட்டு வெளியூர் சென்ற தாய், ஆபத்து என்று தெரிந்தே வீடு திரும்பினால், அவள் சாவைத் தேடிப் போனாள் என்று யாராவது சொல்வோமா? உங்கள் மாணவியிடம் இதை மட்டும் கேட்டுப் பாருங்கள், அவளே பதில் சொல்வாள் என்று நம்புகிறேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சாவதற்கு முதல் நாள், 1693 பிப்ரவரி 3 அன்று, ஓரியூர்ச் சிறையிலிருந்து உடன் பணியாற்றிய குருக்களுக்குக் கரியைக் கரைத்து எழுதிய கடிதத்தில், மரணத்தைத் தாம் ஆவலோடு எதிர்நோக்குவதாகவே அவர் எழுதியிருக்கிறார். பிள்ளைகள் வளர்ந்தபின் எங்காவது அதைப் படித்து, ஆசிரியை நம்மிடம் இதை ஏன் சொல்லவில்லை என்று நினைக்கக் கூடாது. ஆனால் அந்த ஆவல் விலங்கு பூட்டப்பட்டு, தீர்ப்பும் சொல்லப்பட்டபின் எழுதியது. அதற்கு முன்பு ஏறத்தாழ 2 ஆண்டுகள், பகலில் காட்டோரத்தில் மறைந்தும் இரவில் ஊர் ஊராக நடந்தும், பிடிபடாமல் இருப்பதற்கு வேண்டிய எல்லா எச்சரிக்கையோடும்தான் அவர் பணியாற்றினார். சாவைத் தேடுபவர் ஒளிந்து நடப்பாரா?

மறுமொழி 2: மயிலை வாசகர்

நான் கிறிஸ்தவன் அல்லன். சாந்தோம் பேராலயத்தின் மணியோசை கேட்கும் தொலைவில் பிறந்து வளர்ந்தவன், சேது நாட்டு வரலாற்றில் ஈடுபாடு உடையவன். மாணவனின் கேள்விக்கு, அரசர் பக்கத்திலிருந்தும் சில செய்திகளைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

ரகுநாத கிழவன் சேதுபதியை இரத்தவெறி பிடித்த அரசராகப் பிள்ளைகள் மனத்தில் பதித்துவிட வேண்டாம் என்பது என் தாழ்மையான விண்ணப்பம். 1686இல் தம் அதிகாரிகள் மரண தண்டனைக்குரியவராகக் கொண்டுவந்து நிறுத்திய அதே துறவியின் போதனையை நேரில் கேட்டறிந்து, உயிரோடு அனுப்பியவர் அவர்தான். பின்னர் நிலைமை மாறியதற்குக் காரணம் தடியத்தேவர். நோயுற்றிருந்து குணமடைந்த அவர், 1693 ஜனவரி 6 அன்று, மூன்று அரசர்கள் திருநாளில் ஞானஸ்நானம் பெற்றார்; ஒரே மனைவியோடு வாழ வேண்டும் என்ற விதியை ஏற்று மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களுள் இளையவரான கடலாயி சேதுபதியின் உறவுப்பெண். அவர் முறையிட்ட இரண்டே நாளில் அருளானந்தர் கைதானார்.

தடியத்தேவர் அரியணைக்கு உரிமை கோரத்தக்க குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அத்தகைய ஒருவர் புதிய மறையைத் தழுவி, அவர் பின்னால் மக்களும் திரளும்போது, எந்த அரசருக்கும் அச்சம் வரும். தலைநகரில் தண்டித்தால் கலகம் மூளும் என்றுதான் இராமநாதபுரத்திலிருந்து ஓரியூருக்கு, சேதுபதியின் சகோதரரின் பொறுப்பில் இருந்த ஊருக்கு, அவரை அனுப்பினார்கள். மேலும், கட்டிய கணவனால் விலக்கப்பட்ட அந்தப் பெண்களின் துயரம் மெய்யானது. கடலாயியை வில்லியாக வைத்துக் கூத்துகளில் நடிப்பதைக் கண்டிருக்கிறேன். எனக்கு அது ஒருபோதும் பொருத்தமாகத் தோன்றியதில்லை. அந்த மாணவன் கேட்டது தவறில்லை. அரசியல் இருந்தது, குடும்பமும் இருந்தது.

மறுமொழி 3: ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியை, அண்ணா நகர்

மயிலை வாசகர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். கடலாயியைப் பற்றி அவர் எழுதியதை நம் பங்குகளில் நாடகம் போடுபவர்கள் படிக்க வேண்டும். நான் சொல்ல விரும்புவது இதுதான்: ஆசியாவில் அரசியல் கலக்காத மறைசாட்சியம் என்று ஒன்றைத் தேடினால் அநேகமாகக் கிடைக்காது.

நாகசாகியை எடுத்துக்கொள்வோம். 1597 பிப்ரவரி 5 அன்று அங்கே நிஷிசாகா குன்றில் 26 பேர் சிலுவைகளில் கட்டி ஏற்றப்பட்டு ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார்கள். பிரான்சிஸ்கன் துறவிகள் 6 பேர், இயேசு சபையினர் 3 பேர், எஞ்சிய 17 பேர் குருவோ துறவியோ அல்லாத ஜப்பானியப் பொதுநிலையினர். அந்த 6 பேரில் ஒருவரான கொன்சாலோ கார்சியா பம்பாய்க்கு அருகிலுள்ள வசாயில் பிறந்தவர். இந்தியாவில் பிறந்து புனிதராக உயர்த்தப்பட்ட முதல் மனிதர். ஜப்பானில் வணிகம் செய்து அந்த மொழியை நன்கு கற்றவர், குருப்பட்டம் பெறாத சகோதரராகவே இருந்து, மொழிபெயர்ப்பாளராகத் தம் சபைக்குப் பயன்பட்டார். இவர்கள் சாவுக்கும் ஓர் அரசியல் பின்னணி உண்டு. 1596இல் சான் பெலிப்பே என்னும் ஸ்பானியக் கப்பல் ஜப்பான் கரையில் தட்டி நின்றது. அதன் சரக்கைப் பறிமுதல் செய்தபோது, முதலில் போதகர்கள் வருவார்கள், பின்னால் படை வரும் என்ற பொருளில் கப்பலோட்டி ஒருவன் பேசியதாகச் செய்தி அப்போது ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷியின் காதுக்கு எட்டியது. பிலிப்பைன்ஸ் தீவுகளை ஸ்பெயின் பிடித்திருந்த காலத்தில் அந்த அச்சத்தை வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் கேட்க வேண்டிய கேள்வி, கொன்றவருக்கு என்னென்ன காரணங்கள் இருந்தன என்பதோடு நின்றுவிடுவதில்லை. சாகிறவரிடம் என்ன கேட்கப்பட்டது, அவர் எதைக் கொடுக்க மறுத்தார் என்பதையும் பார்க்க வேண்டும். அந்த 26 பேரில் 12 வயதுச் சிறுவன் லூயிஸ் இபாராகி இருந்தான். மறையை விட்டுவிட்டால் பிழைக்கலாம் என்று அவனுக்கு வாய்ப்பு அளிக்கப்பட்டது, அவன் மறுத்தான். அந்தச் சிறுவன் ஸ்பெயினின் ஒற்றனா? ஹிதேயோஷியின் கணக்கு எதுவாக இருந்தாலும், சிறுவனின் கணக்கில் ஒன்றுதான் இருந்தது.

உங்கள் மாணவிக்குக் கொரியாவைச் சொல்லுங்கள். இந்தக் கேள்விக்கு அதைவிடப் பொருத்தமான நாடு எனக்குத் தெரியவில்லை. அங்கே மறையை முதலில் கொண்டுசென்றவர் வெளிநாட்டுக் குரு அல்லர். 1784இல் பெய்ஜிங்கில் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பிய யி சுங்-ஹுன் என்ற கொரியரே. குருக்கள் வேண்டும் என்று அந்தப் பொதுநிலையினர் கடிதத்துக்கு மேல் கடிதம் அனுப்பி வேண்டியபின்தான் பாரிஸ் அயல்நாட்டு மறைப்பணிச் சபைக் குருக்கள் போனார்கள். துக்கம் காப்பவர்கள் முகம் மறைய அகலமான வைக்கோல் தொப்பி அணிவதும், அவர்களிடம் எவரும் பேச்சுக் கொடுக்காமல் இருப்பதும் கொரிய வழக்கம். குருக்கள் அந்தத் துக்க உடையிலேயே ஊர் ஊராகச் சென்றார்கள். அகப்படாமல் இருக்க அவ்வளவு பாடுபட்டார்கள். ஆனால் 1839இல் துன்புறுத்தல் முற்றி, குருக்களைக் காட்டிக்கொடுக்கும்படி எளிய மக்கள் வதைக்கப்பட்டபோது, ஆயர் இம்பேர் தாமே முன்வந்து சரணடைந்தார். மறைந்திருந்த மோபான், ஷஸ்தான் என்ற இரு குருக்களையும், மக்களைக் காப்பாற்றச் சரணடையும்படி கடிதம் எழுதி அழைத்தார். செப்டம்பர் 21 அன்று மூவரின் தலைகளும் வெட்டப்பட்டன. தப்பி வாழ்ந்தது யாருக்காகவோ, அவர்களுக்காகவே பிடியும் கொடுத்தார்கள்.

வகுப்பில் மாணவிகள் இருக்கிறார்கள் என்பதால் வியட்நாமின் ஆக்னஸ் லே தி தான் பற்றியும் ஒரு வார்த்தை. 1988இல் புனிதர்களாக அறிவிக்கப்பட்ட 117 வியட்நாம் மறைசாட்சிகளில் அவர் ஒருவரே பெண். 6 பிள்ளைகளின் தாய். குருக்களுக்குத் தம் இடத்தில் அடைக்கலம் கொடுத்ததற்காகப் பிடிபட்டு, 1841இல் சிறையிலேயே உயிர்விட்டார். அந்த 117 பேரில் 96 பேர் வியட்நாமியர், 11 பேர் ஸ்பானியர், 10 பேர் பிரெஞ்சுக்காரர். மறைப்பணியாளரைப் பற்றி மட்டும் பாடம் நடத்தினால், அவரை ஒளித்துவைத்து, சோறு போட்டு, அதற்காகவே செத்த மக்கள் விடுபட்டுப் போகிறார்கள். பாடத் தலைப்பையே கொஞ்சம் அகலமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி 4: முன்னாள் குருமட மாணவன், பூவிருந்தவல்லி

திருச்சபைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்று மட்டும் சேர்க்கிறேன். ஒருவரை மறைசாட்சி என்று ஏற்க, கொன்றவரைத் தூண்டியது விசுவாசத்தின் மீதான வெறுப்பு என்பது தெளிவாக வேண்டும். விசுவாசம் கட்டளையிடும் ஓர் அறத்தின் மீதான வெறுப்பும் அதில் அடங்கும். இதற்கு மூத்த சான்று திருமுழுக்கு யோவான். ஏரோதுவின் முறையற்ற திருமணத்தைக் கண்டித்ததற்காகத்தான் அவர் தலை போனது. கிறிஸ்துவை மறுதலிக்கும்படி யாரும் அவரிடம் கேட்கவில்லை. ஆயினும் அவரை மறைசாட்சியாகவே தொடக்கம் முதல் திருச்சபை கொண்டாடுகிறது. தடியத்தேவர் திருமணத்தை ஒட்டி அருளானந்தர் இறந்ததை இதன் அருகில் வைத்துப் பார்த்தால் அந்த மாணவனுக்கு விளங்கிவிடும்.

சாவைத் தானே வலிந்து வரவழைத்துக்கொள்வதைத் திருச்சபை ஒருபோதும் ஊக்குவித்ததில்லை. ஒரு நகரில் துன்புறுத்தினால் இன்னொரு நகருக்கு ஓடிவிடுங்கள் என்று ஆண்டவரே மத்தேயு நற்செய்தியில் சொல்லியிருக்கிறார். தப்பலாம், ஆனால் மந்தையைக் கைவிடக் கூடாது. செம்மண் ஐயாவும் பேராசிரியை அம்மாவும் காட்டிய எடுத்துக்காட்டுகள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கின்றன.

இவற்றையெல்லாம் ரோம் அவசரத்தில் முடிவு செய்துவிடவில்லை. அருளானந்தர் காவி உடுத்தி, பாதக்குறடு அணிந்து, புலால் தவிர்த்து, பண்டாரசுவாமி என்னும் தமிழ்த் துறவியாக வாழ்ந்தது சரிதானா என்ற மலபார் வழிமுறைச் சர்ச்சை அவரது புனிதர் பட்ட விசாரணையையும் தடுத்து நிறுத்தியது. அவ்வாறு வாழ்ந்தது அதற்குத் தடை அல்ல என்று திருத்தந்தை 14ஆம் ஆசீர்வாதப்பர் 1741இல் தீர்ப்பளித்த பின்னும், 1853இல்தான் புனிதர் நிலைக்கு முந்தைய படியான அருளாளர் ஆனார். 1947 ஜூன் 22 அன்று புனிதர் ஆனார். இறந்து 254 ஆண்டுகள்.

சென்னைப் பிள்ளைகளுக்குப் பிடிக்கக்கூடிய ஒரு தொடர்பும் இருக்கிறது. அருளானந்தர் இறந்தபோது மதுரை மிஷனுக்குத் தலைமை வகித்து, அந்த மரணத்தைப் பற்றிய விவரத்தை எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பிய பிரான்சிஸ் லாய்னஸ் அடிகள், பின்னாளில் நம் மயிலாப்பூரின் ஆயராக இருந்தவர்.

மறுமொழி 5: மறைக்கல்வி ஆசிரியை, பெரம்பூர்

பதில் எழுதிய ஒவ்வொருவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. இன்று வகுப்பு முடிந்து வீடு வந்ததும் எழுதுகிறேன்.

செம்மண் ஐயா சொன்னபடி, தாய் வீடு திரும்பும் உவமையை அந்த மாணவியிடம் கேட்டேன். அவள் உடனே பதில் சொல்லவில்லை. சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்படியானால் அவரோடு அடிவாங்கிய உபதேசியார்களின் பெயர்கள் என்ன டீச்சர்?" என்று கேட்டாள். கரும்பலகையில் அதுவரை நான் எழுதியிருந்தது ஒரே ஒருவருடைய பெயர். கொரியாவின் வைக்கோல் தொப்பியைச் சொன்னபோது வகுப்பே அமைதியானது. லூயிஸ் இபாராகிக்கு 12 வயது என்றதும் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாணவன், "கடலாயி அதற்குப் பிறகு என்ன ஆனார்?" என்று கேட்டான். மயிலை வாசகர் ஐயாவுக்கு அது மகிழ்ச்சி தரும் என்று எண்ணுகிறேன்.

பாடத் தலைப்பை மாற்றிவிட்டேன். அடுத்த மூன்று வாரங்களில் ஆக்னஸ் லே தி தான், கொன்சாலோ கார்சியா, நம் குமரி மண்ணின் மறைசாட்சி தேவசகாயம் ஆகியோரைப் பற்றிப் பிள்ளைகளே பேசப் போகிறார்கள். அந்த மாணவி ஆக்னஸைத் தேர்ந்தெடுத்துக்கொண்டாள்.

செம்மண் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். பிப்ரவரி 4 வேலைநாளாக வந்தால், அதை அடுத்துவரும் சனி, ஞாயிறுகளில் 22 பிள்ளைகளையும் பெற்றோர் சிலரையும் ஓரியூருக்கு அழைத்துவரப் பங்குத்தந்தை சம்மதித்திருக்கிறார். சனிக்கிழமை இரவு அங்கே தங்க இடம் கிடைக்குமா, ஞாயிறு காலைத் திருப்பலி எத்தனை மணிக்கு என்பதை ஊரில் விசாரித்துச் சொன்னால் வேன் பேசிவிடுவேன். மண் எடுத்துவரச் சிறு டப்பாக்களைப் பிள்ளைகள் இப்போதே சேர்த்து வைக்கத் தொடங்கிவிட்டார்கள்.